கதிர்ச் சிகிச்சை இயந்திரத்தை அளப்பது யார்? வட சிலாங்கூர் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் ஒருவருக்குக் கதிர்ச் சிகிச்சை தேவை என்று மருத்துவர் சொன்னால், வீட்டில் முதலில் எழும் கேள்வி, "யார் கொண்டுபோய் விடுறது?" என்பதுதான். மாவட்டத்திலிருந்து கோலாலம்பூர் சுமார் 70 கிலோமீட்டர். புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகம், அதாவது ஐ.கே.என்., இன்னும் தள்ளி. வாரத்தில் ஐந்து நாள், பல வாரம் தொடர்ந்து போய்வர வேண்டும்.

அப்படிப் போய்ச் சேர்ந்த பிறகு சில நாள்களில், "இன்றைக்கு மிஷின் சர்வீஸ், கொஞ்சம் காத்திருங்கள்" என்ற பதில் வரும். விடியற்காலையிலேயே கிளம்பி வந்தவர்களுக்கு எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் நடப்பது எண்ணெய் மாற்றுவது போன்ற வேலை மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் கற்றையை ஒருவர் அளந்துகொண்டிருக்கிறார். உங்கள் பாட்டிக்கோ அத்தைக்கோ கிடைக்கும் சிகிச்சை சரியாக இருப்பதும் தவறாகப் போவதும் அந்த அளவில் அடங்கியிருக்கிறது.

அங்கே என்னதான் அளக்கிறார்கள்? அளக்காமல் விட்டால் என்ன ஆகும்? அளப்பவரின் கருவி சரியா என்று பார்ப்பது யார்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'கரண்டு வைக்கிறது' என்றால் என்ன?

கதிர்ச் சிகிச்சையை நம்மவர்கள் சிலர் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். டாக்டர் காதில் விழுந்தால் சிரிப்பார். உண்மையில் அந்தச் சொல் அவ்வளவு தவறு இல்லை. பெரும்பாலான மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சையைத் தருவது லினாக் எனப்படும் நேர்கோட்டுத் துகள் முடுக்கி. அதற்குள் ஓடுவது எலக்ட்ரான்கள். எலக்ட்ரான் ஓட்டம்தானே மின்சாரம்?

லினாக்கின் ஒரு முனையில், சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. நம் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் உள்ளதைப் போன்ற, ஆனால் பல மடங்கு வலுவான நுண்ணலை அவற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. கடல் அலையில் சறுக்கிப் போகிறவரைப் போல எலக்ட்ரான்கள் அந்த அலையின் மீது ஏறி வேகம் பிடிக்கின்றன. சில மைக்ரோ விநாடி மட்டுமே நீடிக்கும் துடிப்புகளாக, விநாடிக்குச் சில நூறு முறை இது நடக்கிறது.

கடைசியில் இரண்டு வழி உண்டு. தோலுக்கு அருகில் உள்ள கட்டி என்றால் எலக்ட்ரான் கற்றையையே நேராக உடலில் செலுத்துவார்கள். ஆழத்தில் உள்ள கட்டி என்றால், எலக்ட்ரான்களைத் தங்ஸ்டன் போன்ற கனமான உலோகத்தில் மோதவிட்டு, அதிலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிரைப் பயன்படுத்துவார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். இயந்திரத்தை நிறுத்தியதும் கதிரும் நின்றுவிடும். இப்படி வெளியிலிருந்து சிகிச்சை பெற்றவர் உடம்பில் கதிர் தங்காது. வீட்டுக்கு வந்ததும் பேரக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம்.

கற்றையில் எதை எல்லாம் அளக்கிறார்கள்?

இதைப் புரிந்துகொள்ள நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தானில் இரவில் படகில் போனால், ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒரே தாளத்தில் மின்னுவதைப் பார்க்கலாம். அந்தக் கூட்டம் மரத்தை விட்டுக் கிளம்பி, ஒரே திசையில் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துடிப்பு துடிப்பாக வரும் எலக்ட்ரான் கூட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். அதைப் பற்றி நான்கு கேள்விகள் கேட்கலாம்.

முதல் கேள்வி: எத்தனை இருக்கின்றன? எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. மொத்த மின்னூட்டத்தை அளக்கலாம். மிக எளிய கருவி ஃபாரடே கிண்ணம். கனமான ஓர் உலோகக் கிண்ணத்தைக் கற்றைக்குக் குறுக்கே வைத்தால், எலக்ட்ரான்கள் அதில் நின்றுவிடும். கிண்ணத்திலிருந்து கம்பி வழியாக வரும் மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் இது கற்றையையே மறித்துவிடும். மறிக்காமல் அளக்க வேண்டும் என்றால், கற்றையைச் சுற்றி ஒரு காந்த வளையத்தை வைப்பார்கள். கற்றை கடக்கும்போது வளையத்தில் சுற்றிய கம்பியில் சிறிய மின் துடிப்பு உண்டாகும்.

இரண்டாவது: ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆற்றல்? வேகத்தை அளந்தால் போதுமே என்று தோன்றும். போதாது. 6 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள்ள எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் சுமார் 99.7 விழுக்காட்டில் போகிறது. 20 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு உயர்த்தினாலும் வேகம் 99.97 விழுக்காடுதான். ஆற்றல் மூன்று மடங்குக்கு மேல் கூடினாலும் வேகத்தில் வித்தியாசம் தெரியவே தெரியாது. அதனால் கற்றையைக் காந்தத்தால் வளைத்துப் பார்க்கிறார்கள். ஆற்றல் குறைந்தது அதிகமாக வளையும். ஆற்றல் கூடியது குறைவாக வளையும். பெரிய லினாக்குகளில் கற்றையை நோயாளியை நோக்கித் திருப்பும் காந்தமே ஒரு சல்லடை போல வேலை செய்கிறது. சரியான ஆற்றல் உள்ளவை மட்டும்தான் அதன் வழியாக வெளியே வர முடியும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மூன்றாவது: கூட்டம் எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம்? ஒளிரும் திரை ஒன்றைக் கற்றைக்குக் குறுக்கே வைத்து, கேமராவில் படம் பிடிக்கலாம். அல்லது மிக மெல்லிய கரி இழை ஒன்றை விருட்டென்று கற்றையின் குறுக்கே ஓடவிட்டு, எந்த இடத்தில் எவ்வளவு மோதல் ஏற்படுகிறது என்று வரைபடமாக எடுக்கலாம். ஜெனீவா அருகே, 27 கிலோமீட்டர் சுற்றளவு கொண்ட செர்ன் முடுக்கியிலும் இந்த இழை முறை உண்டு.

நான்காவதுதான் நுட்பமானது: எல்லாம் ஒரே திசையில் போகின்றனவா? மின்மினிக் கூட்டத்தை ஒரு சிறிய இடத்துக்குள் நெருக்கிவிட்டாலும், ஒவ்வொன்றும் வெவ்வேறு பக்கம் பறந்தால் அடுத்த நொடியே கலைந்துவிடும். கூட்டத்தின் அகலத்தையும் திசைச் சிதறலையும் சேர்த்துச் சொல்லும் அளவுக்கு எமிட்டன்ஸ் என்று பெயர். காந்த வில்லையால் கற்றையைக் குவித்தால் அகலம் குறையும், ஆனால் திசைச் சிதறல் கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மாறாது. அதனால் எமிட்டன்ஸ்தான் கற்றையின் உண்மையான தரம்.

இதை நேரடியாக அளக்க ஒரு கருவியை வைத்தால் மட்டும் போதாது. காந்த வில்லையின் வலிமையைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு முறையும் திரையில் விழும் புள்ளியின் அகலத்தைக் குறித்து, அந்த எண்களிலிருந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். ஆராய்ச்சி முடுக்கிகளில் இது அன்றாட வேலை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் தேசியத் துகள் இயற்பியல் மையம் பங்குகொள்ளும் செர்ன் ஆய்வில், துகள்கள் மோதுவதே இரு கற்றைகளையும் எவ்வளவு மெல்லியதாகக் குவிக்க முடிகிறது என்பதைப் பொறுத்தது.

மருத்துவமனையில் ஏன் தண்ணீர்த் தொட்டி?

மருத்துவமனையில் கேள்வி கொஞ்சம் மாறுகிறது. குழாய்க்குள் கற்றை எப்படி ஓடுகிறது என்பதைவிட, உடம்புக்குள் எந்த ஆழத்தில் எவ்வளவு ஆற்றலை இறக்குகிறது என்பதுதான் அங்கே முக்கியம். நம் உடம்பின் பெரும்பகுதி தண்ணீர். அதனால் கதிர் வந்து விழும் இடத்தில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியை வைத்து, அதற்குள் அளவியை மேலும் கீழும் நகர்த்தி அளக்கிறார்கள்.

அந்த அளவி பார்க்க மிகச் சாதாரணமாக இருக்கும். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு சிறிய அறை. அதற்குள் சுமார் 0.6 கன சென்டிமீட்டர் காற்று. கதிர் பட்டதும் அந்தக் காற்றில் மின்னூட்டம் உண்டாகும். கதிரின் அளவு 1 கிரே என்றால் கிடைக்கும் மின்னூட்டம் ஏறக்குறைய 20 நானோ கூலோம். அதாவது ஒரு கூலோமில் ஐந்து கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய ஒன்றைத்தான் ஒரு விழுக்காட்டுக்குக் குறைவான பிழையோடு படிக்க வேண்டும்.

அறையின் வெப்பநிலைகூட கணக்கில் வரும். சூட்டில் காற்று விரியும், அளவிக்குள் இருக்கும் காற்று குறையும். மூன்று பாகை சூடு கூடினாலே அளவு சுமார் ஒரு விழுக்காடு குறைவாகக் காட்டும். குளிரூட்டி பழுதானால் கதிர்க் கணக்கே தடுமாறும் என்பது இதனால்தான். அளப்பவர் வெப்பமானியும் காற்றழுத்தமானியும் வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் திருத்திக்கொள்கிறார்.

ஆற்றலையும் தண்ணீரிலேயே கண்டுபிடித்துவிடலாம். எலக்ட்ரான் கற்றைக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: எத்தனை மெகா எலக்ட்ரான் வோல்ட்டோ, அதில் ஏறக்குறையப் பாதி சென்டிமீட்டர் ஆழம் வரை போகும். 7 என்றால் சுமார் மூன்றரை சென்டிமீட்டர். ஆழம் மாறியிருந்தால் ஆற்றல் மாறியிருக்கிறது என்று பொருள். எக்ஸ் கதிருக்கு 10 சென்டிமீட்டர் ஆழத்திலும் 20 சென்டிமீட்டர் ஆழத்திலும் கிடைக்கும் அளவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இவை தவிர, இயந்திரத்தின் தலைப்பகுதியிலேயே இரண்டு தனித்தனி அளவிகள் எப்போதும் கற்றையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தேவையான அளவு வந்ததும் ஒன்று கதிரை நிறுத்தும். அது தவறினால் மற்றது நிறுத்தும். கற்றை ஒரு பக்கமாகச் சாய்ந்தாலும் இவை கண்டுபிடிக்கும்.

எவ்வளவு வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளலாம்? அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2009இல் வெளியிட்ட, பல நாடுகளில் பின்பற்றப்படும் வழிகாட்டியில் எக்ஸ் கதிர் அளவுக்கு ஒரு வரம்பு இருக்கிறது: காலைச் சோதனையில் 3 விழுக்காடு, மாதச் சோதனையில் 2, ஆண்டுச் சோதனையில் 1. நீங்கள் வெளியே காத்திருக்கும் நேரத்தில் உள்ளே பார்க்கப்படும் எண் இதுதான்.

அளக்காமல் விட்டால் என்ன ஆகும்?

இதற்குக் கற்பனை தேவையில்லை. நடந்திருக்கிறது.

1990 டிசம்பர், ஸ்பெயினின் சரகோசா நகரம். ஒரு மருத்துவமனை லினாக்கில் கற்றையை வளைக்கும் காந்தத்தின் மின்சுற்று பழுதானது. காந்தம் எப்போதும் உச்ச வலிமையிலேயே நின்றுவிட்டது. அந்தச் சல்லடை நினைவிருக்கிறதா? உச்ச வலிமையில் நிற்கும் காந்தத்தைத் தாண்டி உச்ச ஆற்றல் உள்ள எலக்ட்ரான்கள் மட்டும்தான் வர முடியும். பழுதுபார்க்க வந்தவர், கற்றை வெளியே வரும்வரை ஆற்றலைக் கூட்டினார். கற்றை வந்தது. இயந்திரம் சரியாகிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அதன் பிறகு 7 என்று அமைத்தாலும் 10 என்று அமைத்தாலும், பலகையில் இருந்த முள் 36 மெகா எலக்ட்ரான் வோல்ட்டையே காட்டியது. முள் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று ஊழியர்கள் விட்டுவிட்டார்கள். முள் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றரை சென்டிமீட்டரில் நிற்க வேண்டிய கதிர், உடம்பின் உள்ளுறுப்புகள் வரை போனது. அளவும் பல மடங்கு கூடியிருந்தது. டிசம்பர் 10 முதல் 20 வரை 27 பேர் அந்த இயந்திரத்தில் சிகிச்சை பெற்றார்கள். பலர் இறந்துபோனார்கள்.

பழுது பார்த்த விஷயம் மருத்துவ இயற்பியலாளர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. சிகிச்சையைத் திரும்பத் தொடங்கும் முன் யாரும் கற்றையை அளக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியில் ஒரே ஒரு சோதனை நடத்தியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

1996இல் கோஸ்தா ரிக்காவின் சான் ஹோசே நகரிலும் ஒன்று நடந்தது. அங்கே இருந்தது முடுக்கி இல்லை, கோபால்ட் இயந்திரம். புதிய கோபால்ட்டை வைத்து அளந்தபோது, 0.3 நிமிடம் என்பது 30 விநாடியாகக் கணக்கில் சேர்ந்துவிட்டது. உண்மையில் அது 18 விநாடி. அந்த ஒரு பிழையால் 115 பேருக்கு ஐம்பது, அறுபது விழுக்காடு அளவுக்குக் கூடுதல் கதிர் போனது. சரகோசாவில் அளக்கவே இல்லை. சான் ஹோசேயில் அளந்தார்கள், ஆனால் அளந்ததை இன்னொருவர் சரிபார்க்கவில்லை.

அளவுகோலை அளப்பது யார்?

தோட்டத்தில் பால் மரம் சீவிய தலைமுறைக்கு இந்தக் கேள்வி புதிது இல்லை. காலையில் சேகரித்த பாலைக் கொட்டகைக்குக் கொண்டுபோனால், கிராணி நிறுப்பார். மெட்ரோலாக்கை விட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். அவர் எழுதும் எண்தான் சம்பளம். அந்தத் தராசு சரியா என்று கேட்க எல்லாருக்கும் துணிவு இருந்ததில்லை. இன்றைக்குப் பாசிர் பெனம்பாங்கில் மீன் வாங்கும்போது, 1972ஆம் ஆண்டு நிறுவை அளவைச் சட்டப்படி தராசில் முத்திரை இருக்கிறதா என்று நீங்கள் பார்க்கலாம். தராசை நம்புவதற்கு, தராசுக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

கதிருக்கும் அப்படி ஒரு சங்கிலி உண்டு. மருத்துவமனையின் அளவி தானே 'நான் சரி' என்று சொல்லிக்கொள்ள முடியாது. நம் நாட்டில் பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்தில், இதற்கென இரண்டாம் நிலைத் தர ஆய்வகம் இருக்கிறது. அங்கே அளவிகளை ஒப்பிட்டுச் சான்று தருவார்கள். அந்த ஆய்வகத்தின் அளவுகளுக்கு மேலே அனைத்துலக அணுசக்தி முகமை, அதற்கும் மேலே பாரிஸ் அருகே உள்ள அனைத்துலக எடை அளவை மையம் என்று சங்கிலி நீள்கிறது. பெஸ்தாரி ஜெயா பாட்டிக்குப் போகும் 2 கிரே, வியன்னாவிலும் பாரிசிலும் 2 கிரேயாகவே இருக்க வேண்டும்.

இன்னொரு சாட்சி தபாலில் வருகிறது. அனைத்துலக அணுசக்தி முகமையும் உலகச் சுகாதார நிறுவனமும் 1969 முதல் ஒரு சோதனையை நடத்துகின்றன. சிறிய உறைகளில் கதிரைப் பதிவு செய்யும் பொருளை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மருத்துவமனை குறிப்பிட்ட அளவு கதிரைக் கொடுத்துத் திருப்பி அனுப்பும். கொடுத்ததாகச் சொன்ன அளவும் பதிவான அளவும் ஒத்துப்போகின்றனவா என்று முகமை பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும். தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்தக்கூடாது என்ற அதே நியாயம்தான்.

சட்டப்படி, மலேசியாவில் கதிரியக்கக் கருவிகளுக்கு 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின்கீழ் உரிமம் தேவை. மருத்துவப் பயன்பாட்டைச் சுகாதார அமைச்சு கண்காணிக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

வீட்டில் மருத்துவமனைக் கடிதங்களைப் படித்துச் சொல்வது பெரும்பாலும் நீங்கள்தான். மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்டு, தமிழில் தாத்தா பாட்டிக்குச் சொல்வதும் நீங்கள்தான். அதனால் சிலவற்றைத் தெரிந்துவைத்திருங்கள்.

- கேட்கத் தயங்க வேண்டாம். இயந்திரத்தை இயக்குபவர் ஒருவர், கற்றையை அளக்கும் மருத்துவ இயற்பியலாளர் வேறொருவர். அரசு மருத்துவமனையில் அவரை 'பெகாவாய் சாயின்ஸ் ஃபிசிக்' என்பார்கள். பெரிய பழுதுக்குப் பிறகு சிகிச்சை தொடங்கினால், "கற்றையை அளந்துவிட்டார்களா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். வெளிச் சோதனையில் மருத்துவமனை பங்கெடுக்கிறதா என்றும் கேட்கலாம்.

- தாமதம் ஆனால் சிகிச்சையை விட்டுவிட வேண்டாம். 'மிஷின் ரெண்டு நாளா சரியில்ல, இனி போக வேணாம்' என்று பெரியவர்கள் முடிவெடுத்துவிடுவது உண்டு. தலை, கழுத்து, கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் நாள்கள் தள்ளிப்போவது பலனைக் குறைக்கும். விடுபட்ட நாளை எப்படி ஈடுகட்டுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

- உடம்பில் ஏற்படும் மாற்றத்தை உடனே சொல்லுங்கள். தோல் சிவப்பதும் களைப்பும் பலருக்கு வரும். எதிர்பார்த்ததைவிட வேகமாக, கடுமையாக வந்தால் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டாம். இயந்திரத்தின் எண்ணைப் போலவே நோயாளியின் உடம்பும் ஒரு சாட்சி.

- போக்குவரத்துச் செலவுக்கு உதவி உண்டா என்று பாருங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதைக் கடந்தவர்களுக்கான பெக்கா பி40 திட்டத்தில், புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கான ஊக்கத்தொகையும் போக்குவரத்து உதவியும் இடம்பெற்றிருக்கின்றன. தகுதி உண்டா என்று மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் கேளுங்கள்.

எண்ண வேண்டியது எது?

புதிய புற்றுநோய் மையம், புதிய லினாக் என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் நாம் பார்ப்பது எத்தனை மில்லியன் ரிங்கிட், எத்தனை இயந்திரம் என்பதைத்தான். மருத்துவமனை இன்னும் பக்கத்தில் வர வேண்டும் என்று வட சிலாங்கூர் மக்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 70 கிலோமீட்டர் என்பது நோயாளிக்குச் சின்ன தூரம் இல்லை.

ஆனால் அடுத்த முறை அப்படி ஓர் அறிவிப்பைப் படிக்கும்போது இன்னும் இரண்டு எண்களைத் தேடிப் பாருங்கள். அந்த இயந்திரத்தை அளக்க எத்தனை மருத்துவ இயற்பியலாளர்களை நியமிக்கப் போகிறார்கள்? அவர்கள் அளந்ததை வெளியிலிருந்து ஒருவர் எத்தனை முறை சரிபார்ப்பார்? சரகோசாவில் இயந்திரம் இருந்தது, பழுதுபார்ப்பவர் இருந்தார், சரியான எண்ணைக் காட்டிய முள்ளும் இருந்தது. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, "இது ஏன் இப்படிக் காட்டுது?" என்று கேட்பதைத் தன் வேலையாகக் கொண்ட ஒருவருக்குத் தகவல் போகவில்லை, அவ்வளவுதான்.